கொலையாளியைக் காட்டிக்கொடுத்த விகுதி: மலை விடுதி நாவல் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

எழுதியவருக்கு இது முதல் நாவல். அதற்கு முன் சிறுகதைகள் எழுதியிருக்கிறார், இரண்டு தொகுப்பு வந்திருக்கிறது. துப்பறியும் கதைகளைச் சின்ன வயதிலிருந்தே விழுந்து விழுந்து படித்தவர், எழுதிப் பார்த்தது இதுதான் முதல் தடவை. நான் பிறர் பிரதியைச் செம்மை செய்து கொடுக்கும் வேலை பார்க்கிறவன். பதிப்பாளர் பிரதியை எனக்கு அனுப்பியபோது கூடவே ஒரு குறிப்பு வைத்திருந்தார்: "நடை நன்றாக இருக்கிறது. ஆனால் கொன்றது யார் என்று எனக்குப் பாதியிலேயே தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது என்பதுதான் தெரியவில்லை."

அந்த 'எப்படி'யைத் தேடிப் போன எட்டு மாதத்தைத்தான் இங்கே பதிவு செய்கிறேன். ஆசிரியரின் சம்மதம் வாங்கித்தான் எழுதுகிறேன். நாவலின் பெயரைச் சொல்லவில்லை. சொன்னால் இனிமேல் படிக்கப்போகிறவர்களுக்கு முடிவு தெரிந்துவிடும்.

கதை இதுதான். மலைப்பாதையின் கடைசி வளைவில் எட்டு அறை கொண்ட பழைய விடுதி. மாலையிலிருந்து விடாத மழை. இரவு எட்டு மணிக்கு மண் சரிந்து பாதை மூடிக்கொள்கிறது. மின்கம்பியும் தொலைபேசிக் கம்பியும் அதோடு போகின்றன. உள்ளே விடுதிக்காரன், சமையல்காரன், புதுமணத் தம்பதி, ஒரு விற்பனைப் பிரதிநிதி, ஓய்வுபெற்ற நீதிபதி, ஒரு மருத்துவர், ஒரு நில அளவையர். பேருந்து பாதி வழியில் நின்றுபோனதால் ஒதுங்க இடம் தேடி வந்த ஓய்வுபெற்ற கைரேகை நிபுணர் ஒருவரும் இருக்கிறார், பெண்மணி. ஆக ஒன்பது பேர். விடிந்ததும் நில அளவையர் ஆறாம் எண் அறையில் இறந்து கிடக்கிறார். மாரடைப்பு என்கிறார் மருத்துவர். கைரேகை நிபுணர் கண் இமையைத் தூக்கிப் பார்க்கிறார், கண் வெள்ளையில் ஊசி முனையளவு சிவப்புப் புள்ளிகள். தலையணையால் அமுக்கப்பட்டிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றுகிறது. கொன்றவர் மருத்துவர்.

முதல் வாசிப்பில் கண்டது

முதல் தடவை படிக்கும்போது நான் குறிப்பு எடுப்பதில்லை, எங்கே கை தானாகப் பக்கத்தைப் புரட்டுகிறது, எங்கே தண்ணீர் குடிக்க எழுந்துபோகிறேன் என்று மட்டும் பார்ப்பேன். மண்சரிவு வரை கை தானாகப் புரட்டியது. விசாரணை தொடங்கியதும் மூன்று முறை எழுந்தேன்.

கண்ணில் பட்ட குறைகளில் சில எளியவை. மூன்று பாத்திரங்களின் பெயர் 'ச'வில் தொடங்கியது, யார் யார் என்று குழம்பியது. அதை ஒரே நாளில் மாற்றிவிட்டார். அப்புறம் ரகசிய வழிகள். பிரிட்டிஷ் பாதிரியாரும் துப்பறியும் கதை எழுத்தாளருமான ரொனால்ட் நாக்ஸ் 1929இல் இந்த வகைக் கதைகளுக்குப் பத்து விதிகள் எழுதினார். அதில் ஒன்று, ரகசிய அறையோ வழியோ ஒன்றுக்கு மேல் கூடாது என்பது. நம் விடுதியில் இரண்டு இருந்தன: சமையலறையிலிருந்து நிலவறைக்கு ஒன்று, ஐந்தாம் அறை அலமாரிக்குப் பின்னால் ஒன்று. "ஒண்ணு போதாதுன்னு நினைச்சேன்" என்றார் ஆசிரியர். இரண்டையும் எடுத்தோம். எடுத்த பிறகு கதையில் எதுவும் சரியவில்லை, அவை எதையும் தாங்கிக்கொண்டிருக்கவில்லை.

காலம் பற்றிய குறை கொஞ்சம் பெரியது. முதல் வடிவத்தில் கதை இன்றைக்கு நடந்தது. செல்போனுக்குப் பதிலாக "சிக்னல் இல்லை" என்று ஒரு வாக்கியம். தனித்த விடுதிக் கதைக்கு இரண்டு பூட்டு வேண்டும். யாரும் உள்ளே வரவோ வெளியே போகவோ முடியாது என்பது ஒன்று. தடயம் எதுவும் ஆய்வுக்கூடத்துக்குப் போய்ச் சேராது என்பது இன்னொன்று. முதல் பூட்டை மண்சரிவு போட்டுவிட்டது. இரண்டாவதற்குத்தான் வழியில்லை: பாதை திறந்ததும் தலையணையை ஆய்வுக்கு அனுப்பினால் வேலை முடிந்தது, எதற்கு இத்தனை விசாரணை? இதைப் பேசிப் பேசிக் கதையை 1983 டிசம்பருக்குத் தள்ளினார். டிஎன்ஏவை வைத்து ஆளை அடையாளம் காணும் முறை கண்டறியப்பட்டது 1984இல். ஒரு வருட வித்தியாசத்தில் தலையணை ஊமையாகிவிட்டது. விசாரணை மொத்தமும் பேச்சையும் நேரத்தையும் நம்பி நடக்க வேண்டியதாயிற்று. கைரேகை நிபுணருக்கு அடுப்புக் கரியும் ஒட்டும் நாடாவும் போதும்.

ஆனால் இவை எதுவும் பதிப்பாளரின் கேள்விக்குப் பதில் இல்லை.

பென்சில் வட்டம்

பிரதியை ஆறு பேருக்குக் கொடுத்தோம். படிக்கும்போது யார் மேல் சந்தேகம் வருகிறது, எந்தப் பக்கத்தில் வருகிறது என்று ஓரத்தில் குறிக்கச் சொன்னோம். ஆறில் நான்கு பேர் பாதிக்கு முன்பே மருத்துவரைச் சொல்லிவிட்டார்கள். ஏன் என்று கேட்டால் மூவர் "தோணுச்சு" என்றார்கள். நாலாவது ஆள் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. அவர் பதில் எதுவும் எழுதவில்லை. ஏழாம் அத்தியாயத்தில் ஒரே ஒரு சொல்லைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டிருந்தார்.

அந்த அத்தியாயத்தில்தான் கொலை. ஆள் யார் என்று சொல்லாமல் "உருவம்" என்றே போகும்: உருவம் நடந்தது, உருவம் நின்றது, கதவைச் சாத்தியது. இரண்டு பக்கம் ஒழுங்காகப் போய், மூன்றாம் பக்கத்தில் எழுவாய் இல்லாத ஒரு குட்டி வாக்கியம்: "மூச்சை அடக்கிக்கொண்டார்." வட்டம் போட்டிருந்தது அந்தச் சொல்லைச் சுற்றி.

மற்ற மொழிகளில் எழுதுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இந்த அளவுக்கு இருக்குமா என்று தெரியவில்லை. நம் வினைமுற்று ஆணா பெண்ணா என்று சொல்லும், மரியாதை உண்டா இல்லையா என்றும் சொல்லும். இந்த நாவலின் கதைசொல்லி விடுதிக்காரனை 'வந்தான்' என்பார், விற்பனைப் பிரதிநிதியை 'வந்தான்' என்பார், மணப்பெண்ணை 'வந்தாள்' என்பார். சந்தேகத்துக்கு உரியவர்களில் 'வந்தார்' இரண்டே பேருக்குத்தான்: நீதிபதிக்கும் மருத்துவருக்கும். அந்த ஒற்றை 'ஆர்' ஏழு பேரை இரண்டாக்கிவிட்டது. அந்த இருவரில் நீதிபதி கைத்தடி இல்லாமல் நடக்க மாட்டார் என்று இரண்டாம் அத்தியாயத்திலேயே வந்துவிட்டது. ஏழாம் அத்தியாயத்தில் கைத்தடிச் சத்தம் இல்லை. கணக்கு முடிந்தது.

"தோணுச்சு" என்ற மூவரும் அதைத்தான் படித்திருக்கிறார்கள், படித்தது அவர்களுக்கே தெரியாமல். பதிப்பாளரும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். ஆசிரியர் அந்த வட்டத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு ஆள் யாருன்னு தெரியுமே, கை எழுதிடுச்சு" என்றார்.

முதல் திருத்தம், அது தவறிய விதம்

ஆசிரியர் எடுத்த முதல் முடிவு இன்னும் நன்றாக மறைப்பது. நானும் சரி என்றேன், அதில் எனக்கும் பங்குண்டு. ஏழாம் அத்தியாயம் முழுவதையும் செயப்பாட்டு வினையில் திருப்பி எழுதினார். "கைப்பிடி திருகப்பட்டது. கதவு தள்ளப்பட்டது. தலையணை எடுக்கப்பட்டது." ஒரு விகுதியும் தப்பவில்லை.

புதிதாக மூன்று பேருக்குக் கொடுத்தோம். ஒருவர் எழுதியது: "இந்த அத்தியாயம் மட்டும் ஏன் சுற்றறிக்கை மாதிரி இருக்கிறது?" மற்ற இருவரும் மணப்பெண்தான் கொலையாளி என்றார்கள். காரணம் கேட்டபோது இருவரும் கிட்டத்தட்ட ஒரே பதிலைச் சொன்னார்கள்: ஆணா பெண்ணா என்பதை இவ்வளவு பாடுபட்டு மறைக்கிறார்கள் என்றால் அது பெண்ணாகத்தான் இருக்கும்.

ஆசிரியருக்கு இதில் சந்தோஷம். வாசகர் தப்பான ஆளைச் சந்தேகிக்கிறார், அதுதானே வேண்டும் என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. எங்களுக்குள் கொஞ்சம் காரசாரமாகப் போனது அந்த வாரத்தில்தான். என் வாதம் இது: கொலையாளி தன்னை மறைத்துக்கொள்ளலாம், அது அவர் வேலை. இங்கே மறைப்பவர் கொலையாளி இல்லை, எழுத்தாளர். வாசகர் விடுதிக்குள் நடக்கும் எதையும் பார்த்து மணப்பெண்ணைச் சந்தேகிக்கவில்லை. எழுத்தாளரின் முகத்தைப் பார்த்துச் சந்தேகிக்கிறார். கடைசியில் உண்மை தெரியும்போது "நல்லா ஏமாத்துனான்யா" என்று சிரிக்க மாட்டார், எரிச்சல்தான் படுவார்.

படியின் முனகல்

முடிவில் ஏழாம் அத்தியாயத்தைத் திருத்தவில்லை. எடுத்தே விட்டோம். கொலையாளியின் தலைக்குள் கதை போகாது என்று முடிவு செய்த பிறகு விகுதிச் சிக்கல் தானாக விலகியது. அந்த இரவைச் சொல்ல வேறு ஒருவர் வேண்டியிருந்தது. மாடிப்படிக்குக் கீழே ஓர் ஒதுக்குப்புறத்தில் சமையல்காரன் படுத்திருக்கிறான் என்று ஏற்கெனவே இருந்தது. அவன் காதைப் பிடித்துக்கொண்டோம்.

புதிய ஏழாம் அத்தியாயத்தில் அவனுக்குத் தூக்கம் வரவில்லை. கூடத்துக் கடிகாரம் இரண்டரை அடிக்கிறது. கீழிருந்து மூன்றாம் படி முனகுகிறது. அவன் புரண்டு படுக்கிறான். ஈரத் துணி வாசனை. கொஞ்ச நேரம் கழித்து அதே படி இன்னொரு முறை முனகுகிறது. அவ்வளவுதான். முனகியது, கிறீச்சிட்டது, நின்றது என்று எழுதும்போது எதையும் வலிந்து மறைக்க வேண்டியதில்லை. படிக்கு ஆண்பால் பெண்பால் கிடையாது, மரியாதையும் கிடையாது.

இந்தச் சத்தத்தை வாசகர் பார்க்கும்படி நடுவில் வைத்தோம். ஆனால் அதற்கு எடை இல்லாதபடி செய்ய வேண்டும். அங்கேதான் மருத்துவரின் பொய் உதவியது. இறந்தது இரவு 11க்கும் 12க்கும் இடையில் என்று மருத்துவர் சொல்கிறார். 10 மணியிலிருந்து 12.30 வரை அவர், நீதிபதி, விற்பனைப் பிரதிநிதி, விடுதிக்காரன் நால்வரும் கூடத்தில் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். அவர் சொன்ன நேரத்தை நம்பினால் இரண்டரை மணிப் படிச்சத்தம் வெறும் சத்தம். நேரம் பொய் என்று தெரிந்தால் அதே சத்தம், கீழ்த்தளத்தில் தங்கியிருந்த ஒருவர் மேலே போய் வந்ததற்குச் சாட்சி. மருத்துவரின் அறை கீழே.

பிணத்தின் கணக்கு

இங்கே நாங்கள் பெரிதாக வழுக்கினோம். முதல் வடிவத்தில் கொலை மூன்றேகாலுக்கு, பிணத்தைக் கண்டுபிடிப்பது நாலு மணிக்கு. அப்போதே உடல் "கட்டைபோல விறைத்துக் கிடந்தது". முதல் சுற்று வாசகர்களில் ஒருவர் செவிலியர். அந்த வரிக்கு எதிரே ஓர் ஆச்சரியக்குறி போட்டுக் கீழே விளக்கம் எழுதியிருந்தார். முக்கால் மணி நேரத்தில் அப்படி விறைக்காது. பொதுவாக இறந்து இரண்டிலிருந்து நாலு மணி நேரத்தில் தாடை, கழுத்து என்று சிறிய தசைகளில்தான் விறைப்பு தெரியத் தொடங்கும். உடல் முழுக்கப் பரவப் பன்னிரண்டு மணி நேரம் அளவுக்கு ஆகும்.

அதனால் கண்டுபிடிக்கும் நேரத்தை காலை ஆறரைக்குத் தள்ளினோம், கொலையை இரண்டே முக்காலுக்கு வைத்தோம். இப்போது தாடை விறைத்திருக்கும், முழங்கால் மடங்கும். துப்பறிபவர் அதைக் கவனித்து, பதினொன்றுக்கு இறந்திருந்தால் இன்னும் விறைத்திருக்குமே என்று யோசிக்கலாம். சரியாகிவிட்டது என்று நினைத்தேன். செவிலியரிடம் திரும்பக் கொடுத்தோம். "அறை ஜன்னல் திறந்து கிடந்ததுன்னு எழுதியிருக்கீங்களே, குளிருக்கு விறைப்பு மெதுவாத்தான் வரும். டாக்டர் அதைச் சொல்லித் தப்பிச்சுருவாரே" என்றார்.

உண்மைதான். அந்த இடத்தில் ஒரு வாரம் நின்றுவிட்டோம். ஜன்னலை மூடிவிடலாமா என்று பார்த்தால் ஜன்னலை நம்பி வேறு இரண்டு இடங்கள் இருந்தன. விடை கடைசியில் குளிரிலேயே இருந்தது. குளிர் விறைப்பைத் தாமதப்படுத்தும், ஆனால் உடல் ஆறுவதை வேகப்படுத்தும். மருத்துவர் குளிரைக் காட்டி விறைப்பு குறைவாக இருப்பதற்குச் சமாதானம் சொல்லலாம். அதே குளிரில் ஏழு மணி நேரம் கிடந்த உடல் கைக்குச் சில்லென்று இருந்திருக்க வேண்டும். ஆறரைக்குப் போர்வையை விலக்கியபோது விலாப்புறத்தில் இன்னும் வெதுவெதுப்பு இருந்தது. விறைப்பையும் சூட்டையும் சேர்த்துப் பார்த்தால் மருத்துவரின் நேரம் நிற்காது.

வெதுவெதுப்பை யார் உணர்வது என்பதையும் யோசித்தோம். துப்பறிபவர் தொட்டுப் பார்த்தால் வாசகர் உஷாராகிவிடுவார். போர்வையை இழுத்து மூடப்போன சமையல்காரன் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு, "இன்னும் சூடா இருக்குங்க, உசிரு இருக்குமோ" என்கிறான். எல்லாரும் பாவம் என்று பார்க்கிறார்கள். வாசகரும் அதைத் துக்கம் என்றே படித்தார்.

இறந்தவரின் முதுகில் ரத்தம் தங்கிய தடத்தை வைத்து உடல் புரட்டப்பட்டதைக் காட்டலாம் என்று ஆசிரியருக்கு ஆசை. அந்தத் தடம் மாறாமல் நிலைக்க எட்டுப் பத்து மணி நேரமாவது வேண்டும். அந்த இரவு அவ்வளவு நீளமில்லை. விட்டுவிட்டோம்.

ஒன்பது பொத்தான்கள்

விடுதியின் வரைபடம் இருக்கிறதா என்று நான் கேட்டது நாலாவது மாதத்தில். "மனசுல இருக்கு" என்றார். காகிதத்தில் வரையச் சொன்னேன். கட்டம் போட்ட தாளில் இரண்டு தளத்தையும் வரைந்து, சட்டைப் பொத்தான் ஒன்பதை எடுத்து ஆளுக்கொன்றாக வைத்து, இரவு எட்டு மணியிலிருந்து காலை ஆறரை வரை கால் மணிக்கு ஒரு தடவை நகர்த்திப் பார்த்தோம். நாற்பத்திரண்டு நகர்வு. ஒரு மதியம் முழுக்கப் போனது.

பதினொன்றாவது நகர்விலேயே நீலப் பொத்தான் மாட்டிக்கொண்டது. அது விற்பனைப் பிரதிநிதி. இரவு பத்தே முக்காலுக்கு அவன் கூடத்தில் சீட்டாடுகிறான். அதே நேரத்தில் நாலாம் அறை ஜன்னல் வழியே மணப்பெண் அவனை முற்றத்தில் பார்க்கிறாள். இன்னொன்று, நாலாம் அறை ஜன்னல் மூன்றாம் அத்தியாயத்தில் பள்ளத்தாக்கைப் பார்த்திருந்தது, பதினோராம் அத்தியாயத்தில் முற்றத்தைப் பார்த்தது. வாசகர்கள் ஒன்பது பேரும் இதைக் கண்டுபிடிக்கவில்லை, நானும்தான். மணப்பெண் பார்த்தது விறகெடுக்க வந்த சமையல்காரனை என்று மாற்றினோம். ஜன்னலை முற்றத்தின் பக்கமே நிறுத்தினோம். அந்தத் தாள் நாவல் முடியும் வரை ஆசிரியரின் மேஜையில் கண்ணாடிக்கு அடியில் இருந்தது.

கிழிந்த கடிதமும் ஒரு 'அவனு'ம்

பதினேழாம் அத்தியாயத்தில் துப்பறிபவர் ஆறாம் அறையில் ஒரு கிழிந்த கடிதத்தைக் கண்டெடுத்து, படித்துவிட்டு, பைக்குள் வைத்துக்கொள்வார். அதில் என்ன இருந்தது என்று நமக்கு இருபத்திரண்டாம் அத்தியாயத்தில்தான் சொல்லுவார். மருத்துவர் முன்பொரு முறை உயிரோடிருந்த ஒருவருக்கு இறப்புச் சான்றிதழ் கொடுத்து நிலம் கைமாற உதவியிருக்கிறார், அளவையருக்கு அது தெரியும். நாக்ஸின் பத்து விதிகளில் இதுவும் உண்டு: துப்பறிபவர் கண்ணில் பட்ட தடயம் உடனே வாசகர் கண்ணிலும் பட வேண்டும். விதி இருக்கிறது என்பதற்காக நான் எதிர்க்கவில்லை. கடிதம் பையில் இருக்கும் ஐந்து அத்தியாயமும் வாசகர் யோசிப்பதை நிறுத்திவிடுகிறார், பை திறக்கட்டும் என்று காத்திருக்கிறார். எனக்கு அதுதான் பிரச்சினை.

கடிதத்தை எடுத்தோம். அதன் வேலையை இரண்டாகப் பிரித்தோம். காரணம் இரவுச் சாப்பாட்டு மேஜைக்குப் போனது. அளவையர் வேலை அனுபவங்களைக் கதை கதையாகச் சொல்கிறார்: ஆள் மாறிய கையெழுத்து, நகர்ந்துபோன எல்லைக்கல், "செத்துட்டான்னு சான்றிதழ் இருக்கு, ஆளு எனக்கு எதிர்ல நின்னு வெத்தலை போடுறான்" என்று ஒன்று. மேஜை சிரிக்கிறது. ஆசிரியர் முதலில் "மருத்துவர் மட்டும் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்" என்று எழுதியிருந்தார். அந்த வரியை அடிக்கச் சொன்னேன். சிரித்தவர்களை வரிசையாகச் சொன்னால் போதும், சிரிக்காதவரைச் சொல்ல வேண்டாம். இப்போது நாவலில் ஆறு பேர் சிரிக்கிறார்கள். எண்ணிப் பார்க்கிறவருக்கு ஒரு ஆள் குறையும்.

இருவருக்கும் முன்பே பழக்கம் என்பதற்கான துப்பை ஆசிரியர்தான் கண்டுபிடித்தார், அந்தப் பென்சில் வட்டத்திலிருந்தே. விடுதியில் எல்லாரும் ஒருவரையொருவர் 'நீங்க', 'அவர்' என்றுதான் பேசுகிறார்கள். மருத்துவர் அளவையரை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்ததாகச் சொல்கிறார், மேஜையில் 'சார்' என்றே கூப்பிடுகிறார். காலையில் நாடி பிடித்துப் பார்த்துவிட்டு நிமிரும்போது அவர் வாயிலிருந்து வருவது: "போயிட்டான்."

பழகியவனைப் பற்றித்தான் அப்படி வரும். இதையும் வெளிச்சத்திலேயே வைத்தோம், ஆனால் தனியாக விடவில்லை. நீதிபதிக்கு யாரையும் 'அவன் இவன்' என்று பேசும் பழக்கம் உண்டென்று முதல் அத்தியாயத்திலிருந்தே காட்டினோம். மருத்துவரின் 'போயிட்டான்'க்கு முன்னும் பின்னும் நீதிபதியின் பேச்சு வருகிறது. காது பழகிவிட்டதால் நடுவில் இருப்பது உறுத்தவில்லை. முன்பு எங்களைக் கவிழ்த்த அதே விகுதி இப்போது துப்பறிபவர் பக்கம் வந்துவிட்டது.

இரண்டாம் சுற்று

புது ஆட்கள் ஐந்து பேர். இந்தத் தடவை ஐந்து அத்தியாயத்துக்கு ஒரு முறை சந்தேகத்துக்குரியவர் பெயரைச் சீட்டில் எழுதி உறையில் போட்டு ஒட்டச் சொன்னோம், பின்னால் மாற்றிச் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக. இருபதாம் அத்தியாய உறையில் நீதிபதி இரண்டு, மணப்பெண் ஒன்று, சமையல்காரன் ஒன்று, மருத்துவர் ஒன்று. மருத்துவரை எழுதியவர் காரணமும் எழுதியிருந்தார்: சூடு. 'போயிட்டான்' அவர் கண்ணிலும் படவில்லை.

எத்தனை பேர் கண்டுபிடித்தார்கள் என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. படித்து முடித்த பிறகு துப்பு இருந்த பக்கங்களைத் திரும்பிப் போய்க் காட்டச் சொன்னேன். ஐந்து பேரும் 'போயிட்டான்' இருந்த பக்கத்தைத் தேடிப் பிடித்தார்கள். ஒருவர் "அடச்சே" என்று ஓரத்தில் எழுதியிருந்தார். அந்தச் சொல்லைப் பார்த்த பிறகுதான் பிரதியை அச்சுக்குக் கொடுக்கலாம் என்று பதிப்பாளரிடம் சொன்னேன்.

அச்சுக்கு முன்னும் பின்னும்

மூன்றாவது புரூஃபை ஆசிரியர் வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தார். இருபத்திரண்டாம் அத்தியாயத்தில் துப்பறிபவர் "போயிட்டான்னு சொன்னீங்களே டாக்டர்" என்று கேட்கும் இடம் வந்ததும் ஏதோ சந்தேகத்தில் ஒன்பதாம் அத்தியாயத்தைப் புரட்டினார். அங்கே "போயிட்டார்" என்று இருந்தது. புரூஃப் பார்த்தவர் நல்ல கைதேர்ந்தவர். மருத்துவர் எல்லா இடத்திலும் மரியாதையாகப் பேச, இந்த ஓர் இடம் மட்டும் தவறியிருக்கிறது என்று நினைத்துச் சீராக்கியிருக்கிறார். அவர் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் செய்தது அவருடைய வேலை. சொல்லியிருக்க வேண்டியவன் நான். அச்சுக்குப் போக இரண்டு நாள் இருக்கும்போது பழையபடி மாற்றினோம்.

நாவல் வந்தது. முதல் பதிப்பு மெதுவாக விற்றுத் தீர்ந்தது. முடிவைப் பற்றி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒன்பதாம் அத்தியாயத்தைக் குறிப்பிட்டன. ஒருவர் மட்டும் படிச்சத்தத்தை எண்ணி, போனதற்கும் வந்ததற்கும் சரியாக இருக்கிறது என்று எழுதியிருந்தார்.

மறுபடி செய்தால்

வரைபடமும் பொத்தானும் முதல் நாளே வேண்டும், நாலாவது மாதத்தில் இல்லை. முதல் ஆறு வாசகரையும் ஒரே சுற்றில் செலவழித்திருக்க மாட்டேன். முடிவு தெரியாமல் படிக்க ஒருவருக்கு ஒரே ஒரு வாய்ப்புதான், அதை ரகசிய வழி இரண்டு இருக்கும்போதே தீர்த்துவிட்டோம். இரண்டு பேரிடம் கொடுத்திருந்தாலே பென்சில் வட்டம் கிடைத்திருக்குமா என்றால், தமிழாசிரியை அந்த இரண்டில் இருந்திருக்க வேண்டும். அது அதிர்ஷ்டம்தான். செவிலியரை மட்டும் எப்படியும் கேட்டிருப்பேன்.

புரூஃபுக்குப் போகும் பிரதியோடு இப்போதெல்லாம் 'கை வைக்க வேண்டாம்' என்று ஒரு பட்டியல் அனுப்புகிறேன். வேண்டுமென்றே விட்ட பிழைகள், மாறிப்போன மரியாதைகள், பாத்திரம் தப்பாகச் சொல்லும் நேரங்கள் எல்லாம் பக்க எண்ணோடு. காரணத்தை எழுதுவதில்லை, புரூஃப் பார்ப்பவரும் ஒரு வாசகர்தானே.

இன்னொன்று எங்கள் யார் கண்ணிலும் படாமல் அச்சேறிவிட்டது. கொலை நடக்கும் இரவு 1983 டிசம்பர் 4. அன்று அமாவாசை. ஆசிரியர் நாட்காட்டியைப் பார்த்துத்தான் அந்தத் தேதியை எடுத்திருந்தார், கும்மிருட்டு வேண்டுமென்று. மறுநாள் இரவு பதினோரு மணிக்கு விடுதிக்காரன் முற்றத்தில் நிலா வெளிச்சத்தில் ஓர் ஆளைப் பார்க்கிறான். அமாவாசைக்கு மறுநாள் பிறை சூரியன் மறைந்த கொஞ்ச நேரத்தில் தானும் மறைந்துவிடும். பதினோரு மணிக்கு நிலாவுக்கு வழியே இல்லை. படியையும் ஜன்னலையும் பொத்தான் வைத்துப் பார்த்த நாங்கள் அண்ணாந்து பார்க்கவில்லை. ஒரு வாசகர் ஒற்றை வரியில் கேட்டு எழுதியிருந்தார்.

அடுத்த பதிப்பில் நிலாவை எடுத்துவிட்டு வாசல் விளக்கைப் போட்டுவிடலாம் என்றார் ஆசிரியர். சரி என்று குறித்துக்கொண்டேன். அன்று சாயங்காலமே தொலைபேசியில் கூப்பிட்டார். மின்கம்பி நாலாம் அத்தியாயத்திலேயே அறுந்துவிட்டதாம்.